பற்றுச்சீட்டு இல்லாத ஜெனரேட்டர்

கடந்த மாதம் லுணுகலைக்குப் போயிருந்தேன். பதுளையிலிருந்து பசறை வழியாக மலையைச் சுற்றிச் சுற்றிச் செல்லும் அந்தப் பேருந்துப் பயணத்தில் பெரிய மாற்றம் எதுவுமில்லை. நகரில் பழைய இரும்பு வாங்கும் கடையொன்றின் வாசலில், துருப்பிடித்த தகரங்களுக்கும் உடைந்த மின்விசிறிகளுக்கும் நடுவே ஒரு வீடியோ டெக் கிடந்தது. கசெட்டை உள்வாங்கும் கதவு இல்லை. மற்றபடி முழுதாகவே இருந்தது. விலை கேட்டேன்.

"அதுக்கெல்லாம் தனி விலை இல்லைங்க ஐயா, நிறுத்துத்தான் கொடுக்கிறது" என்றார் கடைக்காரர்.

ஒரு காலத்தில் ஒரு லயமே சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய பொருள் இன்று கிலோக் கணக்கில் போகிறது. பயனற்றுப் போன இயந்திரம் இரும்புக் கடைக்குப் போவதில் வியப்பில்லை. எனினும், அதை வாங்காமல் திரும்பிய பின்னர் சில நாட்களாக மனம் அமைதியாக இல்லை. அதற்கான காரணத்தையே இங்கு எழுதுகிறேன்.

போருக்கும் சினிமாவுக்கும் எங்கள் ஊவா மாகாணத்தில் உள்ள உறவு மிகப் பழையது. இலங்கையில் முதன்முதலாகச் சலனப்படம் காட்டப்பட்டது 1901இல், ஆளுநருக்கும் போவர் யுத்தக் கைதிகளுக்கும் என்று இந்நாட்டுச் சினிமாவின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அந்தக் கைதிகளுக்கான பெரிய முகாம் எங்கள் தியத்தலாவையில்தான் இருந்தது. சுமார் 5,000 பேர் அங்கு அடைக்கப்பட்டிருந்தனர். ஆக, படக்கருவி இந்நாட்டில் கால்வைத்ததே ஒரு போரின் நிழலில்தான்.

தமிழ்ச் சினிமாவின் தொடக்கமும் ஒரு பழைய கருவியின் விற்பனையில்தான் இருக்கிறது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் வாங்கினார். நோய்வாய்ப்பட்டு நாடு திரும்பவேண்டிய நிலையில் டூபான்ட் விற்றார் என்பார்கள். வின்சென்ட் அதைக் கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் எழுந்தது. ஒருவர் விட்டுச்செல்ல நேர்ந்ததால் இன்னொருவர் தொடங்க முடிந்தது. இந்தத் தொழிலில் அது பின்னரும் பலமுறை நடந்திருக்கிறது.

எங்கள் காலத்துக்கு வருகிறேன். 1977க்குப் பின்னர் இறக்குமதி தாராளமாக்கப்பட்டது. 1979இல் ஐ.ரி.என். தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் தொடங்கின. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பும்போது டெக் கொண்டுவந்தார்கள். தோட்டங்களில் தொழிற்சாலைக்கும் துரையின் பங்களாவுக்கும் மின்சாரம் இருந்தது. லயங்களில் பெரும்பாலும் இல்லை. கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியைக் கார் பேட்டரியில் ஓட்டினார்கள். பேட்டரியைத் தோளில் சுமந்து நகருக்குச் சென்று சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவது இளைஞர்களின் வாராந்தக் கடமை. ஆனால் கலர்த் தொலைக்காட்சியும் டெக்கும் ஒன்றாக ஓடவேண்டுமானால் ஜெனரேட்டர் வேண்டும். பெரியது தேவையில்லை. இரண்டும் சேர்ந்தே ஏறத்தாழ 150 வாட் மின்சாரத்தைத்தான் எடுக்கும். ஒருவர் தூக்கக்கூடிய சிறிய ஜெனரேட்டரே போதும். அதோடு நான்கு மூங்கில், ஒரு படங்கு, வாசலில் ஒரு மேசை. மினி சினிமா தயார்.

பெரிய தியேட்டருக்கு இது முடியாது. 35 மி.மீ. கருவிக்குக் கார்பன் குச்சிகள் வேண்டும், நிலையான மின்சாரம் வேண்டும், படப்பெட்டி நேரத்துக்கு வந்துசேர வேண்டும். 1972இல் தொடங்கிய திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கையிலேயே படங்களின் இறக்குமதி இருந்தது. 1983 ஜூலையில் தமிழருக்குச் சொந்தமான படமாளிகைகள் எரிக்கப்பட்டன. ஹேந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ எரிந்தது. அந்த வாரத்தில் பதுளை நகரும் தப்பவில்லை. ஒரு தியேட்டரைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. டெக்கைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். போர்க்காலத்தில் சிறு படமாளிகை பிழைத்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவுமில்லை.

வடக்கில் நிலைமை இன்னும் கடினமாக இருந்தது. 1990இலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. எரிபொருள், பேட்டரி முதலிய பொருட்களுக்குப் பொருளாதாரத் தடை. அங்கு மோட்டார் சைக்கிளுக்குச் செய்ததையே ஜெனரேட்டருக்கும் செய்தார்கள். சில துளி பெற்றோலில் இயந்திரத்தைத் தொடக்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். எதை ஊற்றி ஓட்டுவது என்பதை அரசாங்கத்தின் தடை தீர்மானித்தது. எதைப் போட்டு ஓட்டுவது என்பதை விடுதலைப் புலிகளின் தணிக்கை தீர்மானித்தது. இரண்டுக்கும் இடையில் ஒருவன் டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தான்.

எங்கள் பக்கத்தில் போர் இல்லை என்று சிலர் நினைப்பதுண்டு. 1987 முதல் 1989 வரை ஊவாவில் வாழ்ந்தவர்களிடம் கேட்டால் தெரியும். இந்தியப் பொருட்களை விற்கக் கூடாது என்ற ஜே.வி.பி.யின் கட்டளை கடைச்சுவர்களில் ஒட்டப்பட்டிருந்த காலம் அது. நாட்டின் பெரும் சினிமா அதிபரான கே. குணரத்தினம் 1989இல் சுட்டுக்கொல்லப்பட்டார். தென்னிந்தியத் தமிழ்ப் படத்தைத் தோட்டத்தில் ஓட்டுவதற்கும் துணிவு வேண்டியிருந்தது.

இனி, அந்த ஜெனரேட்டர்.

லுணுகலை வழியாகச் செல்லும் ஏ5 வீதி பிபிலை, மகாஓயா கடந்து செங்கலடியில் முடிகிறது. மட்டக்களப்புக்கும் எங்களுக்கும் அதுவே வழி. 1990 ஜூன் 11ஆம் திகதி போர் மீண்டும் வெடித்தது. சில வாரங்களின் பின்னர் மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து ஒரு மனிதர் குடும்பத்தோடு லுணுகலைக்கு வந்துசேர்ந்தார். தம் ஊரில் சிறியதொரு வீடியோ கொட்டகை நடத்தியவர். கொட்டகை போய்விட்டது. ஜெனரேட்டர், டெக், 21 அங்குலத் தொலைக்காட்சி, இரண்டு பெட்டி நிறையக் கசெட்டுகள் ஆகியவற்றை மட்டும் ஒரு லொறியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். விற்றுவிட்டுக் கொழும்புக்குப் போகவேண்டும் என்றார்.

எங்கள் தோட்டத்து இளைஞர்கள் சிலர் அவற்றை வாங்க முன்வந்தார்கள். பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டிருந்ததன் விளைவாக அனுமதிக்காகக் காத்து வீட்டிலிருந்த என்னையும், படித்தவன் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். பேரம் அரைமணி நேரத்தில் முடிந்தது. அவர் கேட்டதில் பாதிதான் எங்கள் கையில் இருந்தது. அவருக்கோ காத்திருக்க வழியில்லை. அதை நாங்கள் அறிந்திருந்தோம். நாங்கள் அறிவோம் என்பதை அவரும் அறிந்திருந்தார். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார்.

அதன் பின்னர் அவர் எங்களுக்குப் பாடம் சொல்லித் தந்தார். அதற்கு ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. "தம்பி, படம் நடுங்கினால் டெக்கை அடிக்காதீங்க, ஜெனரேட்டரின் சத்தத்தைக் கேளுங்க" என்றார். வேகம் ஏறி இறங்கினால் படமும் ஆடும் என்று காட்டினார். டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்டு எப்படித் துடைப்பது, எந்தத் திசையில் துடைக்கக் கூடாது, தளர்ந்த பெல்ட்டை எப்படி அறிவது, கனடாவிலிருந்து வரும் கசெட் நம் டெக்கில் ஏன் ஓடாது, எல்லாவற்றையும் சொன்னார். அன்று இரவு எங்கள் முதல் காட்சிக்கு அவரையும் அழைத்தோம். வந்தார். படத்தைப் பார்க்கவில்லை. வெளியே ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தார்.

நான் செய்த தவறு ஒன்றே ஒன்று. விற்றதற்கு ஒரு வரி எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கவில்லை. வீடிழந்து வந்தவரிடம், பாதி விலையும் கொடுத்துவிட்டு, பற்றுச்சீட்டுக் கேட்பது அநாகரிகம் என்று தோன்றியது. என் சட்டைப் பையில் பேனை இருந்தது.

அடுத்த ஆண்டு, பக்கத்துத் தோட்டத்துத் திருவிழாவுக்குப் படம் ஓட்டுவதற்காக அந்த ஜெனரேட்டரைக் கொண்டுபோனபோது ஒரு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். எங்கே வாங்கியது? மட்டக்களப்பிலிருந்து வந்தவரிடம். பற்றுச்சீட்டு எங்கே? இல்லை. வயர்ச் சுருளோடும் பேட்டரியோடும் மட்டக்களப்பு ஜெனரேட்டரோடும் ஒரு தமிழ் இளைஞன். அவனை ஒன்பது நாட்கள் தடுத்து வைத்திருந்தார்கள். தொழிற்சங்கக்காரர்கள் போய்ப் பேசியதால் விட்டார்கள். அவன் வந்தான், ஜெனரேட்டர் வரவில்லை. அந்த ஒன்பது நாட்களைப் பற்றி அவன் என்னிடம் இன்றுவரை பேசியதில்லை. என்னைக் குறை சொன்னதுமில்லை. முப்பது வருடங்களுக்கு மேலாக எழுத்தையே தொழிலாகக் கொண்ட நான், எழுதவேண்டிய அந்த ஒரு வரியை எழுதவில்லை.

போர்க்காலத்தில் பழைய பொருளை வாங்குவதும் விற்பதும் வெறும் வியாபாரமல்ல என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். விற்பவன் ஓடுகிறவனாக இருக்கிறான். வாங்குபவன் சந்தேகத்துக்குரியவனாகிறான். இருவரிடமும் தாள் இல்லை. 2009இல் போர் முடிந்த பின்னர் புதுக்குடியிருப்பில் புலிகளிடமிருந்து கைப்பற்றிய படகுகளையும் ஆயுதங்களையும் வரிசையாகக் காட்சிக்கு வைத்தார்கள். பேருந்துகளில் மக்கள் வந்து பார்த்தார்கள். அந்த ஆண்டுகளில் மக்களை இரண்டு மணி நேரம் சிரிக்கவும் அழவும் வைத்த கருவிகளை யாரும் எங்கும் வைக்கவில்லை. ஆயுதத்தை மட்டும் வைத்திருக்கும் காட்சிச்சாலை, அங்கு ஆயுதம் மட்டுமே இருந்தது என்று வருங்காலத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்.

மறுப்புகளை நான் அறியாதவனல்ல. அவை திருட்டுப் பிரதிகள் என்பீர்கள். உண்மை. வரி கட்டிய தியேட்டர்காரர்களின் வயிற்றில் அடித்த தொழில் என்பீர்கள். அதுவும் உண்மை. தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பகுதி அந்த வாசல் மேசையில் போனது. பெண்கள் போக முடியாத காட்சிகளும் பின்னிரவில் ஓடின. இவற்றையும் சேர்த்தே பதிவு செய்யவேண்டும் என்கிறேன். புனிதமானவற்றை மட்டும் சேர்த்துவைப்பதற்கு அருங்காட்சியகம் கோயில் அல்ல.

ஆனால் என் கவலை கருவியோடு நிற்கவில்லை. மினி சினிமாக்கள் மூடிய பின்னர் அதே டெக்குகள் வீடுகளுக்குப் போயின. கல்யாணம், சடங்கு, திருவிழா, மரணவீடு என்று எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எடுத்த கசெட்டுகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் பரண்களில் கிடக்கின்றன. காணாமற்போன பிள்ளையின் நடையும் குரலும் அவற்றில் ஒன்றில் மட்டும் இருக்கக்கூடும். உலகில் டெக் தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. காந்தநாடா காலத்தால் நலிகிறது. எங்கள் மலைநாட்டு ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது. இரும்புக் கடையில் நிறுக்கப்படும் ஒவ்வொரு டெக்கும், அந்தக் கசெட்டுகளைத் திறக்கக்கூடிய ஒரு சாவி. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதையுண்டதை மறந்திருக்கமாட்டீர்கள். இத்தகைய மலைகளில் பரணை நம்பி எதையும் வைத்திருக்க முடியாது.

செய்யவேண்டியது பெரிய காரியமல்ல. பதுளை மாவட்டத்தில் ஒரு பாடசாலையோ வாசிகசாலையோ ஓடக்கூடிய இரண்டு டெக்குகளை வாங்கி வைத்தால் போதும். கசெட்டைக் கணினியில் ஏற்றும் சிறிய கருவி கடைகளில் கிடைக்கிறது. மூன்று மணி நேரக் கசெட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும். அவசரப்பட வழியில்லை, ஆனால் ஒரு மாணவனால் செய்யக்கூடிய வேலை. வெள்ளைப் பொடி பூத்த நாடாவை மட்டும் அப்படியே டெக்கில் போடாதீர்கள். நாடாவும் கெடும், ஹெட்டும் கெடும். கம்பளை அருகே 2007இல் அமைந்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தில் எங்கள் முன்னோரின் கருவிகள் இருக்கின்றன. அங்கு ஒரு டெக்குக்கும் ஒரு ஜெனரேட்டருக்கும் இடம் இருக்கவேண்டும். 2023இல் மலையகம் 200 என்று நடந்தோம், பேசினோம். அந்த 200 ஆண்டுகளில் இந்தப் பத்து, பதினைந்து ஆண்டு இரவுகளும் அடங்கும்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இலண்டனிலும் இருக்கும் உங்களில் பலர் யாழ்ப்பாணத்திலோ முல்லைத்தீவிலோ மட்டக்களப்பிலோ மினி சினிமா நடத்தியிருப்பீர்கள். ஜெனரேட்டரை யாரிடம் வாங்கினீர்கள், புறப்படும்போது யாரிடம் விட்டுவந்தீர்கள் என்பதை நான்கு வரியில் எழுதிவையுங்கள். விலை நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். குறைத்துக் கேட்டவன் மேல் கோபம் இருந்தால் அதையும் எழுதலாம்.

1990இல் மட்டக்களப்பிலிருந்து வந்து லுணுகலையில் ஒரு ஜெனரேட்டரை விற்றுச்சென்றவர் இன்று எங்கிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவருக்குக் கொடுக்கவேண்டிய மீதிப் பாதி விலை எங்களிடம் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். எழுதாமல் விட்ட பற்றுச்சீட்டாக இக்கட்டுரையை அவர் ஏற்றுக்கொள்ளட்டும்.

நாளை மீண்டும் லுணுகலைக்குப் பேருந்து ஏறுகிறேன். அந்த டெக் இன்னும் நிறுக்கப்படாமல் இருக்கவேண்டும்.