ஃபைலுக்கு உண்டு, நோயாளிக்கு இல்லை

மத்திய அரசு வேலையில் இருக்கும் நம்மூர்க்காரர்களுக்கு ப்ரபோத், ப்ரவீண், ப்ராக்யா என்றாலே வயிற்றைக் கலக்கும். இந்தி தெரியாத ஊழியர்களுக்கான தேர்வுகள். விதிப்படி தேறிவிட்டால் 12 மாதத்துக்கு ஒரு இன்கிரிமென்ட் அளவுக்குத் தனி ஊதியம் உண்டு. மும்பையில் எங்கள் ஆபீஸிலும் அதற்காகவே உட்கார்ந்து படித்தவர்கள் இருக்கிறார்கள். படித்த இந்தியில் ஃபைலில் என்ன எழுதினார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இதே ஊரில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. தாராவி மாதிரி இடங்களில் வீடு வீடாக ஏறி இறங்கும் சுகாதாரப் பெண்கள். மாநகராட்சி ஹெல்த் போஸ்டில் இருப்பவர்களுக்கு 'கம்யூனிட்டி ஹெல்த் வாலண்டியர்' என்று பெயர். 'வாலண்டியர்' என்று பெயர் வைத்துவிட்டால் சம்பளம் என்ற பேச்சு வராது பாருங்கள், மதிப்பூதியம்தான். எங்களையும் ஊழியராக நடத்துங்கள் என்று பல வருடமாகப் போராடிக் கொண்டிருக்கிறார்கள். இவர்களோடு, 2013-ல் வந்த தேசிய நகர்ப்புறச் சுகாதாரத் திட்டத்தின் ஆஷாக்களும் உண்டு. அவர்களுக்கு வேலைக்கு ஏற்ற ஊக்கத்தொகை: பிரசவத்துக்கு அழைத்துப் போனால் ஒரு தொகை, பிறந்த குழந்தையை வீடு தேடிப் போய்ப் பார்த்தால் ஒரு தொகை என்று பட்டியல் நீளும். நோயாளி சொல்வதை டாக்டருக்கும், டாக்டர் சொல்வதை நோயாளிக்கும் புரிய வைப்பதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

'மும்பையில்தான் எல்லாருக்கும் இந்தி தெரியுமே' என்பீர்கள். காய் வாங்கப் போதுமான இந்தி வேறு, வலியைச் சொல்லும் இந்தி வேறு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த ஒரு பெண் 'மேலுக்குச் சரியில்லை' என்கிறாள். வார்த்தைக்கு வார்த்தை இந்தியில் மாற்றிப் பாருங்கள், டாக்டர் கூரையைத்தான் பார்ப்பார். நெஞ்சு கரிப்பதற்கும் நெஞ்சு வலிப்பதற்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் விளைவு என்ன ஆகும்?

காசநோயை எடுத்துக்கொள்வோம். சாதாரணக் காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் மாத்திரை. அதில் ரிஃபாம்பிசின் என்று ஒன்று உண்டு. அதைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சும் சிவப்புமாகப் போகும். ஆபத்தில்லை, மருந்தின் நிறம், அவ்வளவுதான். ஆனால் இதை அவளுக்குப் புரியும் மொழியில் முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை என்றால், ரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுவாள். அப்படியே சாப்பிட்டாலும், சில வாரத்தில் இருமல் குறைந்ததும் நிறுத்திவிடத் தோன்றும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும், மருந்துக்கு அடங்காத கிருமியும் உருவாகும். ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்க வேண்டியது.

இப்போது இந்த வேலையை யார் செய்கிறார்கள்? பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகள்தான். கேஸ் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மாவின் வெள்ளைப்படுதலைப் பற்றி டாக்டரிடம் பத்து வயதுக் குழந்தை பேச வேண்டும். அம்மா பாதியை மறைப்பாள், குழந்தை மீதிப் பாதியை விழுங்கும். அன்றைக்குப் பள்ளிக்கூடமும் போச்சு.

'வந்த ஊரின் மொழியைப் படிக்க வேண்டியதுதானே' என்று இன்னொரு கட்சி. படிக்கட்டும், நானும் அதைத்தான் சொல்வேன். மராத்தி தெரியாமல் இங்கே இருபது வருடம் ஓட்டுவது பெருமை இல்லை. ஆனால் காசநோய்க் கிருமி நாம் மராத்தி படித்து முடிக்கும்வரை காத்திருக்காது. மருந்தைப் பாதியில் விட்டவர் ஏறும் அதே லோக்கல் ரயிலில்தான் மராத்திக்காரரும் குஜராத்திக்காரரும் ஏறுகிறார்கள். இது தமிழர்களுக்கு மட்டும் கேட்கும் சலுகை இல்லை, தெலுங்கு, போஜ்புரி பேசுபவர்களுக்கும் சேர்த்துத்தான்.

1992-ல் கொண்டுவந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளின் வேலைகளாகப் பன்னிரண்டாம் அட்டவணையில் போட்ட பட்டியலில் பொதுச் சுகாதாரமும் உண்டு. ஆகவே டெல்லியைக் காட்டித் தப்பிக்க வேண்டாம். என்னைக் கேட்டால் மாநகராட்சி மூன்று காரியம் செய்யலாம். வீடுகளைக் கணக்கெடுக்கும்போதே அங்கே என்ன மொழி பேசுகிறார்கள் என்று ஒரு கட்டம் சேர்க்கலாம். அதைப் பார்த்து, அந்த மொழி தெரிந்த பெண்ணை அந்தச் சந்துக்கு அனுப்பலாம். இரண்டாவது மொழிக்கு மாதாமாதம் ஒரு படி கொடுக்கலாம். முக்கியமாக, டாக்டர் அறைக்குள் மொழிபெயர்ப்பாளராக உட்கார அவருக்கு உரிமையும், கேட்டதை வெளியே சொல்லாத பயிற்சியும் கொடுக்கலாம். அடுத்த வீட்டுப் பெண் என்பதால்தான் ஜனங்கள் கதவைத் திறக்கிறார்கள், அடுத்த வீட்டுப் பெண் என்பதால்தான் சொல்லவும் தயங்குகிறார்கள். பயிற்சி இல்லாமல் இது நடக்காது.

2022-ல் உலகச் சுகாதார நிறுவனம் ஆஷாக்களுக்கு விருது கொடுத்தது. எல்லாரும் வாழ்த்துச் சொன்னார்கள். நல்லது. ஆனால் ஃபைலில் எழுதப் படித்த மொழிக்கு இன்கிரிமென்ட் கொடுக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, உயிரைக் காப்பாற்றும் மொழிக்கு ஒரு படி கொடுக்கத் தெரியாதா?