செத்த பிசிக்கு இத்தனை கோடியா?

"பிசி காலம் முடிஞ்சுது" என்று 2013-ல் வால் ஸ்ட்ரீட் முழுக்க ஒரே ஒப்பாரி. சரிங்க, முடிந்துபோன சரக்கை மைக்கேல் டெல் எதற்கு சில்வர் லேக்கோடு சேர்ந்து சுமார் 2,490 கோடி டாலருக்கு வாங்கினார்? (1997-ல் ஆப்பிளை இழுத்து மூடச் சொன்ன அதே மனுஷர்தான்!)

பங்குக்கு 13.75 டாலர், கொசுறாக 13 சென்ட் டிவிடெண்ட். கார்ல் ஐகான் பத்தாது என்று கத்தினார். ஓட்டே போடாதவர்களை எதிர்ப்பாக எண்ணும் விதியை மாற்றிய பிறகுதான் டீல் தேறியது. கம்பெனியின் உள்விவரம் அத்தனையும் தெரிந்த தலைவரே வாங்குகிறார் என்றால், விலை மலிவு என்றுதானே அர்த்தம்?

2016-ல் டெலவேர் நீதிபதி நியாய விலை 17.62 என்றார். 2017-ல் மேல் கோர்ட் அதை ரத்து செய்தது. சந்தை விலைக்கு மதிப்புக் கொடுக்கணுமாம். பயத்தில் விழுந்த விலைக்கு என்ன மதிப்பு?

2018 டிசம்பரில் டெல் மறுபடி பங்குச்சந்தைக்கு வந்தது. 13.75-க்கு விற்றவர்கள் புதுசாகக் காசு கொடுத்து வரிசையில் நிற்க வேண்டியதுதான்...