வேரில் பொருள் தேடுவோர்

யேசு பிறந்த ஊராகப் போற்றப்படும் பெத்லகேமை எபிரேயர் ‘பேத் லெஹெம்’ என்பர். அறபு மொழியினர் ‘பைத் லஹ்ம்’ என்பர். முன்னதைக் கேட்போர் ‘அப்பத்தின் வீடு’ என்றும், பின்னதைக் கேட்போர் ‘இறைச்சியின் வீடு’ என்றும் பொருள் கொள்வர். ஊர் ஒன்று, ல்-ஹ்-ம் என்னும் வேரும் ஒன்று, பொருளோ இரண்டு.

இதனை விளக்கப் புகுவோர் சிலர், வேரினுள் மாறாத ‘மூலப்பொருள்’ ஒன்று உறைகின்றது என்றும், அவ்வேரிற் பிறந்த சொற்கள் அனைத்திற்கும் அதுவே உயிர் என்றும் வாதிடுகின்றனர். எபிரேயத்திற் போரைக் குறிக்கும் ‘மில்ஹாமா’ என்னும் சொல்லிலும் இதே மெய்கள் உள்ளன. ஆகவே, செமித்திய மனம் போரை உணவுக்கான போராட்டமாகவே கண்டது என்பது அவர்கள் முடிவு. செவிக்கு இனிய முடிவுதான். ஆயின் அது ஆய்வன்று, புனைவு.

அறபில் இதே மெய்கள் ‘ஒட்டுதல், பொருத்துதல்’ என்னும் பொருளையும் தருகின்றன. எனவே போர் என்பது இரு படைகள் நெருங்கிப் பொருந்துவது என்று ஒருவர் கூறலாம். மனிதரை இறைச்சியாக்குவது என்று இன்னொருவர் கூறலாம். மூன்று கதைகளுள் எது உண்மை என்பதை வேர் சொல்லாது. எதையும் நிறுவவல்ல முறை எதனையும் நிறுவுவதில்லை.

இரண்டாவதாக, எழுத்து ஒன்றாயிருப்பதனால் வேர் ஒன்றாகிவிடாது. எபிரேயத்தில் ‘ஹாரஷ்’ என்பது உழுதலைக் குறிக்கும். ‘ஹேரேஷ்’ என்பது செவிடனைக் குறிக்கும். இரண்டிலும் மெய்கள் ஒன்றே. உழவனின் மௌனம் பற்றி ஒரு சொற்பொழிவே நிகழ்த்திவிடலாம்! ஆனால் அறபிலோ உழுதலைக் குறிக்கும் சொல்லும் ஊமையைக் குறிக்கும் ‘அக்ரஸ்’ என்னும் சொல்லும் முதல் மெய்யிலும் இறுதி மெய்யிலும் வேறுபடுகின்றன. பண்டு வேறாயிருந்த ஒலிகள் எபிரேயத்தில் ஒன்றாய்க் கலந்தமையால், இரு வேர்கள் ஒரே உருவம் பெற்றன. ஒலித்தொடர்பு விதிகளை அறியாதார்க்கு இக்கலப்பே தத்துவமாகத் தோன்றுகின்றது.

மூன்றாவதாக, வேர் உண்மையில் ஒன்றாயினும் பொருள் ஓரிடத்தில் நிற்பதில்லை. அக்காடியத்தில் ‘ஷர்ரு’ என்பான் அரசன். அதன் இனச்சொல்லாகிய எபிரேய ‘சர்’ அரசனுக்குக் கீழ்ப்பட்ட தலைவன். மறுபுறம், எபிரேய ‘மெலெக்’கும் அறபு ‘மலிக்’கும் அரசனைக் குறிக்க, அதே மெய்களையுடைய அக்காடிய ‘மாலிகு’ ஆலோசகனைக் குறிக்கின்றது. அக்காடியத்தில் ‘ஷட்டாரு’ எழுதுதல். அறபில் ‘சத்ர்’ எழுத்தின் வரி. எபிரேயத்தில் ‘ஷோட்டேர்’ அதிகாரி, இன்றைய வழக்கிற் பொலிஸ்காரர். அலுவலகத்திலும் ஆட்சியிலும் எழுத்துப் பெற்ற இடத்தை இச்சொற்களின் வரலாறு காட்டும். அதனைக் காட்டுவது வழக்கேயன்றி வேரிற் புதைந்த மந்திரமன்று. ல்-ஹ்-ம் பற்றியும் இவ்வாறே கூறலாம். உகாரித்திய ஏடுகளில் அவ்வேர் உண்ணுதலையும் உணவையும் குறிக்கின்றது. உணவென்னும் பொதுப்பொருள் ஓரிடத்தில் அப்பமாகவும் மற்றோரிடத்தில் இறைச்சியாகவும் சுருங்கிற்று எனக் கொள்ளுதல் போதிய விளக்கமாகும்.

வேராய்வே வேண்டாவென்பது நம் கருத்தன்று. 1929இல் ராஸ் ஷம்ராவில் அகழ்வு தொடங்கிய பின் வெளிப்பட்ட உகாரித்திய ஏடுகள், எபிரேய வேதத்தின் அருஞ்சொற்கள் சிலவற்றிற்கு ஒளி தந்தன. எனினும் வேர் ஊகத்திற்கு வழி காட்டும். தீர்ப்பு வழங்குவது சொல் நிற்கும் வாக்கியமே. ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட விவிலியச் சொற்பொருளியல் பற்றிய நூலில் இதனையே வலியுறுத்தினார். அவர் கண்டித்த வழு இன்றும் மேடைகளிலும் பிரசங்கங்களிலும் உலவுகின்றது.

இது வெறும் இலக்கணப் பூசலா? அன்று. மொழியின் அமைப்பிலிருந்து ஓர் இனத்தின் மனத்தை அளந்துவிடலாம் என்ற நம்பிக்கையே, 1855இல் ஏர்னஸ்ட் ரெனான் செமித்திய மொழிகள் பற்றி எழுதிய நூலில் அம்மொழியினரைத் தாழ்ந்த இனமாகத் தரப்படுத்துவதற்குத் துணை நின்றது. வேரிற் பெருமை காண்பவரும் சிறுமை காண்பவரும் பிழையான ஒரே அளவுகோலையே கையாளுகின்றனர். பெருமைக்காக அதனை ஏற்றுக்கொள்பவர், சிறுமைக்காக அது நீட்டப்படும்போது மறுக்கும் உரிமையை இழந்துவிடுகின்றார்.

நமக்கும் இதிற் பாடமுண்டு. பண்டைத் தமிழில் நறுமணத்தையும் குறித்த ‘நாற்றம்’ இன்று தீநாற்றத்தையே குறிக்கின்றது. இதைக் கொண்டு தமிழர் மணத்தை வெறுக்கலாயினர் என்று எவரேனும் எழுதினால் நாம் நகைப்போம். அந்நகைப்பைப் பிறர் மொழிகளை ஆராயும்போதும் மறவாதிருத்தலே நேர்மையான மொழியாய்வின் முதற்படி.