பையனுக்கு எத்தனை லாரி?



பொங்கல் லீவுக்கு வந்த பேத்தியோடு உட்கார்ந்து 'காதலிக்க நேரமில்லை' படத்தை மறுபடியும் பார்த்தேன். 1964இல் வந்த ஸ்ரீதர் படம். டூரிங் டாக்கீசில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தவன் நான். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடத்தில் அன்று சிரித்த மாதிரியே இன்றும் சிரித்தேன். (அந்தக் காட்சியில் நாகேஷைவிட பாலையாவின் முகம்தான் பெரிது. இது என் நெடுநாள் கட்சி.)

கதை உங்களுக்குத் தெரியும். எஸ்டேட் முதலாளி பாலையாவுக்கு இரண்டு பெண்களுக்கும் பணக்கார மாப்பிள்ளை வேண்டும். அவரிடம் வேலை போய், அவர் வீட்டு வாசலிலேயே கூடாரம் போட்டுப் போராடிய ரவிச்சந்திரன், தான் ஒரு கோடீஸ்வரனின் மகன் என்று ஒரு பொய் சொல்கிறான். அவ்வளவுதான், மரியாதை தலைகீழாக மாறிவிடுகிறது. நண்பன் முத்துராமன் கிழவர் வேடம் போட்டு அந்தக் கோடீஸ்வர அப்பாவாகவே வந்து இறங்குகிறான்.

படம் முடிந்ததும் பேத்தி கேட்டாள்: "ஏன் அப்பிச்சி, பையன் எப்படிப்பட்டவன்னு அவர் ஒருத்தர்கிட்டயும் விசாரிக்கவே இல்லையே?"

நம் பக்கம் விசாரிக்கிறார்கள். ரிட்டயர்டு வாத்தியாருக்கு மாதம் நாலு போனாவது வரும். "ஏனுங்க சார், பையன் உங்ககிட்டதான் படிச்சானாமா?" என்று ஆரம்பிப்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "லாரி எத்தனைங்க? சொந்தமுங்களா, பைனான்சுங்களா? பண்ணையில எத்தனை ஆயிரம் கோழிங்க? போர்வெல் வண்டியில பங்கு இருக்குதுங்களா?"

பெண்ணைப் பெற்றவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எத்தனை பவுன் என்று பையன் வீட்டார் கேட்டுக்கேட்டு வளர்த்த பழக்கம் இது. பெண் பிறந்தாலே பாரம் என்று நினைத்த மண் இது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு சேலத்தில்தான் தொடங்க வேண்டி வந்தது. அப்போது நாமக்கல்லும் சேலம் மாவட்டம்தான். அந்தக் காலத்தில் பிறந்த பையன்களில் எத்தனை பேர், அதுவும் காடு தோட்டத்தை நம்பி இருப்பவர்கள், இன்னும் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அப்படி ஒருவன் சில வருடங்களுக்கு முன் வீட்டுக்கு வந்தான். முப்பத்தைந்து வயது, நல்ல பையன். "பொண்ணு வீட்டுல கேட்டா ரெண்டு லாரின்னு மட்டும் சொல்லிடுங்க சார்" என்றான். ஒன்றுதான் அவனுடையது, அதற்கும் தவணை பாக்கி. இன்னொன்று மச்சான் வண்டி. அவன் அம்மா உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மறுக்க முடியவில்லை.

சொன்னேன். அன்றைக்கு நான்தான் முத்துராமன், வேடம் மட்டும் போடவில்லை.

படத்தில் முத்துராமன் நிஜமாகவே பணக்கார வீட்டுப் பிள்ளை, அதனால் எல்லாம் சிரிப்பில் முடிகிறது. இங்கே ஆறே மாதத்தில் தவணைக்காரர்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பெண் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. தன் நகையை வைத்துக் கடனை அடைத்தாள். ஒரு விசேஷத்தில் என்னைப் பார்த்தவள் கோபமாகக்கூடப் பேசவில்லை. "வண்டி ஒண்ணோ ரெண்டோ, பரவாயில்லைங்க சார். வாத்தியார் சொல்லிட்டார்னுதான் எங்கப்பா மேற்கொண்டு விசாரிக்காம விட்டாரு" என்றாள். கையில் வாங்கிய காபியைக் குடிக்க முடியவில்லை.

அவள் இதைப் படிக்கலாம். படித்தால், அம்மிணி, தப்பு என்னுடையதுதான்.

இனிமேல் கூப்பிடுகிறவர்கள் வண்டிக் கணக்கை வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். கோபம் வந்தால் பையன் என்ன செய்வான், தோற்றால் யார்மேல் பழி போடுவான், கடன் வாங்கிய பேனாவைத் திருப்பிக் கொடுப்பானா என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். இதெல்லாம் ஒன்பதாம் வகுப்பிலேயே தெரிந்துவிடும். பெண்ணைப் பற்றிக் கேட்டாலும் அப்படியே.

காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள். அதுவரை தோட்டத்தில் இருப்பேன், போன் வீட்டில் கிடக்கும்.