பழையதும் நம் சரக்கே



வளைகுடாவிலிருந்து நம் மைத்துனர் கொண்டுவந்த தூண்டில் ரீல் ஒன்று முப்பது ஆண்டுகளாக நம் மண்டிப் பரணில் கிடந்தது. வெள்ளாற்றில் தண்ணீர் வந்ததும் பேரன் அதை எடுத்தான், கைப்பிடி அசையவில்லை. வெளியூர்க் கடையில் காட்டினோம். "தூக்கிப் போடுங்கள், புதிது தருகிறோம்" என்றார்கள்.

நாமே பிரித்தோம். கழற்றிய வரிசையிலேயே பாகங்களைத் துணியில் பரப்பினோம். பல்சக்கரங்களில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் பிரஷால் தேய்த்தோம். இழுவையைக் கட்டுப்படுத்தும் கம்பள வில்லைகளை மட்டும் அதில் போடவில்லை. பல்சக்கரத்துக்குப் புதுக் கிரீஸ். நூல் ஓடும் உருளைக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். முன்பு தேங்காய் எண்ணெய் விட்டது நம் தவறு. மார்கழிக் குளிரில் அது உறைந்துவிடும். ஒடிந்த ஸ்பிரிங்கைப் பூட்டு ரிப்பேர்க்காரர் கம்பியில் வளைத்துத் தந்தார். ரீல் சுற்றுகிறது!

நூற்கண்டு அசையாமல் நிற்க, நூல் மட்டும் உருவி ஓடும் இந்த ரீலுக்கு 1905-இல் காப்புரிமை பெற்ற இல்லிங்வொர்த், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த நூல் ஆலைக்காரர். தன் தொழிலில் கண்டதையே அவர் தூண்டிலுக்குக் கொண்டுபோனார்.

இன்று இணையத்தில் சொன்னால் புது ரீல் வாசலுக்கே வரும். பழையதைக் கழற்றிப் பார்க்க ஆள் வராது. அந்த இடம் நம்முடையது. கிரீஸ் டப்பா, எண்ணெய், நாலு அளவு ஸ்பிரிங் கடையில் இருக்கட்டும். ரிப்பேர்க்காரருக்கு வழி சொல்லுங்கள். லாபம் சில்லறைதான், ஆனால் பழையதைப் பிழைக்க வைத்த கடைக்கே வாடிக்கையாளர் புதியதற்கும் வருவார்.