வருமானம் எவ்வளவு என்று கேட்காதீர்கள்

கைவேலை என்ற சொல்லுக்கு யாழ்ப்பாணத்தில் இன்று இரண்டே பொருள்கள்தாம் எஞ்சியுள்ளன. ஒன்று, ஏழைப் பெண்களுக்கான வாழ்வாதாரம். மற்றது, சுற்றுலாப் பயணிகள் வாங்கிச் செல்லும் நினைவுப்பொருள். மூன்றாவதாகவும் ஒரு பொருள் உண்டு. அது இன்பம். அதைப் பற்றிப் பேசினால் நம்மவர்கள் ஒருவிதமாகப் பார்க்கிறார்கள். வேலையற்றவனின் பேச்சு என்று எண்ணுகிறார்கள். அந்தப் பார்வைக்கு எதிராகவே இதை எழுதுகிறேன்.

பத்திரிகைத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர் நான் தக்ளியில் நூல் நூற்கப் பழகினேன். பின்னர், நூற்ற நூலைக்கொண்டு காலுறை பின்னவும் பழகினேன். இந்த வெயிலில் காலுறை எதற்கு என்று கேட்பவர்கள், காலை ஏழு மணிக்கு எந்தப் பாடசாலை வாயிலிலும் நின்று பார்க்கலாம். வெள்ளைச் சப்பாத்தும் வெள்ளை மேசும் அணியாத பிள்ளையைக் காண்பது அரிது. சப்பாத்து, மேசு, இரேந்தை ஆகிய மூன்று சொற்களுமே போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை. சொல்லும் பொருளும் கடல்வழியே வந்தன. செய்யும் விதம் மட்டும் நம் கையில் தங்கவில்லை.

நூற்பது எப்படிப்பட்ட வேலை என்று தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். பருத்தியின் ஓர் இழை ஏறத்தாழ ஓர் அங்குல நீளமே இருக்கும். தனித்து நின்றால் அதற்கு வலுவில்லை, ஊதினால் பறந்துவிடும். அத்தகைய நூற்றுக்கணக்கான இழைகளை ஒன்றின்மேல் ஒன்று படியுமாறு இழுத்து, முறுக்கேற்றினால், அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. பசையில்லை, முடிச்சில்லை, முறுக்கு மட்டுமே. வலக்கை தக்ளியைச் சுழற்றுகிறது. இடக்கை பஞ்சை விட்டுக்கொடுக்கிறது. அதிகம் விட்டுக்கொடுத்தால் நூல் தடிக்கும்; குறைத்தால் அறும். அறுந்தால் கவலையில்லை. அறுந்த நுனியைப் பஞ்சின்மேல் வைத்து மீண்டும் சுழற்றினால் அது தானே ஒட்டிக்கொள்ளும். முற்றத்து இலவம் பஞ்சு இதற்கு உதவாது. அது வழுக்கும், பிடித்துக்கொள்ளாது. பருத்திதான் வேண்டும். இவ்வளவையும் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். ஆனால் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை விரல்நுனி மட்டுமே அறியும். அது அறிந்துகொள்ள எனக்கு மூன்று மாதங்கள் சென்றன.

இரண்டு இழைகளைச் சேர்த்து எதிர்ப்புறமாக முறுக்கினால் நூல் உறுதிபெறுகிறது. பின்னர் பின்னல். நான்கு ஊசிகளில் வட்டமாகக் குழாய்போல் இறங்கிக்கொண்டே வரும் பின்னல், குதிக்கால் வந்ததும் திரும்பவேண்டும். அங்கே வட்டத்தை நிறுத்தி, ஒரு பகுதியை மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னி, கண்ணிகளை ஒவ்வொன்றாகக் குறைத்தும் சேர்த்தும் வந்தால், நேராக ஓடிய நூல் ஒரு குதிக்காலின் வளைவை எடுத்துக்கொள்கிறது. வெட்டவில்லை, தைக்கவில்லை. எண்ணிக்கை மட்டுமே. முதன்முறை அந்த வளைவு என் கையில் திரண்டபோது அடைந்த மகிழ்ச்சியை, முதற்பக்கத்தில் என் பெயருடன் செய்தி வந்த நாளில்கூட நான் அடைந்ததில்லை. ஒரு சோடி முடிய எனக்கு ஒன்றரை மாதம் சென்றது. கடையில் அதைவிட மெல்லிய, வெண்மையான சோடியைச் சில நிமிடங்களில் வாங்கிவிடலாம். இதை நான் மறுக்கவே இல்லை.

இனி வழக்குக்கு வருவோம்.

கையால் செய்வதை இழிவாகக் கருதும் பழக்கம் நமக்கு இயந்திரங்களோடு வந்ததன்று. அது சாதியோடு வந்தது. ஒல்லாந்தர் காலத்தில் குடாநாட்டிலும் மன்னாரிலும் கடற்கரை மணலில் விளைந்த சாயவேர், துணிக்குச் சிவப்பு நிறமூட்டும் விலைமதிப்புள்ள பொருளாக இருந்தது. அதைக் கிண்டியெடுக்கும் வேலை குறிப்பிட்ட மக்கள்மீது கடமையாகச் சுமத்தப்பட்டது. நெசவாளர்களைத் தென்னிந்தியக் கரையிலிருந்து கொண்டுவந்து குடியேற்றினார்கள். வேர் கிண்டியவரும் சாயம் தோய்த்தவரும் நெய்தவரும் கீழ்ப்படிகளில் நிறுத்தப்பட்டார்கள். உடுத்தவர்கள் மேலே இருந்தார்கள். கைக்கும் மதிப்புக்கும் இடையிலான அந்த இடைவெளியை நாம் இன்றுவரை காத்துவருகிறோம்.

அமெரிக்க மிஷனரிமார் வந்தபோது அதற்கு இன்னொரு வடிவம் கிடைத்தது. 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலையில் எழுத்தோடும் கணக்கோடும் தையலும் கற்பிக்கப்பட்டது. வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த இளைஞர்கள் கணிதமும் வானியலும் கற்றார்கள். பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தவர்களை நான் குறைகூற வரவில்லை. அது பெரும் பணி. ஆனால் ஊசி பெண்ணுக்கு, புத்தகம் ஆணுக்கு என்ற பங்கீட்டை நாம் அப்படியே பற்றிக்கொண்டோம். "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேணும்" என்பது நமது மண்ணின் பழமொழி. வேறெந்தப் பழமொழியையும் நாம் இவ்வளவு உண்மையாகப் பின்பற்றியதில்லை.

1927 நவம்பர் இறுதியில் காந்தி யாழ்ப்பாணம் வந்தார். கஸ்தூரிபாயும் இராஜாஜியும் உடன் வந்தார்கள். அழைத்தவர்கள் மாணவர் காங்கிரஸ் இளைஞர்கள். ஹன்டி பேரின்பநாயகம் அவர்களுள் முன்னின்றவர். வந்த நோக்கம் கதர் நிதி திரட்டுவது. இராமநாதன் கல்லூரியிலும் உடுவிலிலும் வட்டுக்கோட்டையிலும் பேசினார். குடாநாடு தாராளமாகக் கொடுத்தது. அந்தத் தலைமுறையில் சிலர் இறுதிவரை எளிய உடையை விடவில்லை, அவர்களை வணங்குகிறேன். ஆனால் நூற்பது இங்கே வேர்கொள்ளவில்லை. பணம் கொடுத்தோம்; கை கொடுக்கவில்லை. இன்றும் ஒக்டோபர் 2ஆம் நாள் யாழ்ப்பாண வைத்தியசாலைக்கு முன்னுள்ள காந்தி சிலைக்கு மாலை விழுகிறது. மாலை போடுபவர்களில் எத்தனை பேருக்கு ஒரு முழம் நூல் நூற்கத் தெரியும்? அகிம்சையைப் பற்றிப் பேசுவது எளிது. தக்ளியைப் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அரசும் ஒருமுறை முயன்றது. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தில் அவ்வவ்வூர்த் தொழில்களைப் பாடமாக்கி, தொழில் முன்னிலைப் பாடநெறியைக் கொண்டுவந்தார்கள். பிள்ளையை வைத்தியராகவும் பொறியியலாளராகவும் கனவுகண்ட பெற்றோருக்கு அது பிடிக்கவில்லை. 1977இல் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. அதே ஆண்டு இறக்குமதிக் கதவுகளும் திறந்தன. கட்டுப்பாட்டுக் காலத்தில் தழைத்த கைத்தறிகள் மலிவான வெளிநாட்டுத் துணியின்முன் ஒடுங்கின. பாடமும் போயிற்று, தறியும் போயிற்று.

2009இல் போர் முடிந்த பின்னர் கைவேலை மீண்டும் நினைவுக்கு வந்தது. எப்படி வந்தது? தையல் இயந்திரமாக வந்தது. அத்தகைய வழங்கல் விழாக்கள் பலவற்றுக்கு நான் செய்தி எழுதியிருக்கிறேன். படத்தில் பிரமுகர் இருப்பார், இயந்திரம் இருக்கும். பெறுகின்ற பெண் ஓரத்தில் இருப்பார். இயந்திரத்தைத் தொடர்ந்து நுண்கடன் வந்தது. கடனை அடைக்க இன்னொரு கடன் வந்தது. 2018இல் அரசே தலையிட்டு ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவிக்குமளவுக்கு நிலைமை முற்றியது. வேறு சிலருக்கு ஆடைத் தொழிற்சாலை வேலை கிடைத்தது. அங்கே ஒருத்தி நாள் முழுவதும் கழுத்துப்பட்டியை மட்டுமே தைப்பாள். அடுத்தவள் கைப்பகுதியை மட்டுமே. முழுச் சட்டையைத் தைத்தேன் என்று சொல்ல அங்கே எவருக்கும் உரிமையில்லை. வருமானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வருமானம் கூடவேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் அந்தப் பெண்ணின் கைக்கும் ஓர் இன்பம் தெரியும், அவளுக்கும் முழுதாக ஒன்றைச் செய்து பார்க்கும் ஆசை உண்டு என்பதை எந்தத் திட்ட அறிக்கையிலும் நான் வாசித்ததில்லை.

இதை நேரிலும் அறிந்தேன். ஒரு கிராமத்து வாசிகசாலையில் பிள்ளைகளுக்கு நூற்கவும் பின்னவும் பழக்குவதற்காகப் பஞ்சும் ஊசியும் வாங்கச் சிறு உதவி கேட்டு, ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தேன். பயனாளி ஒருவருக்கு எதிர்பார்க்கப்படும் மாத வருமானம் என்றொரு கூடு படிவத்தில் இருந்தது. 'இல்லை' என்று எழுதினேன். அடுத்ததாக, சந்தைப்படுத்தும் வழிமுறை. அதற்கும் 'இல்லை' என்றே எழுதினேன். படிவம் பூரணமற்றது எனத் திரும்பி வந்தது. அந்தப் பிள்ளைகள் அதே வாசிகசாலையில் கரம் விளையாடுகிறார்கள். கரம் பலகைக்கு எவரும் மாத வருமானம் கேட்கவில்லை. விளையாட்டுக்கும் இசைக்கும் நாம் கொடுக்கும் சலுகையை நூலுக்கு ஏன் மறுக்கிறோம்?

என் நண்பர்களே எழுப்பும் வலுவான மறுப்பு ஒன்றுண்டு. அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். "நூற்பதைப் புகழ்வது வறுமைக்கு அலங்காரம் செய்வது. நூற்றவர்கள் வேறு வழியின்றி நூற்றார்கள்" என்கிறார்கள். உண்மை. ஆண்துணையற்ற பெண்கள் நூற்ற நுண்ணிய நூலை நற்றிணை பேசுகிறது. இரவில் விளக்கேற்றிப் பருத்திவேலை செய்யும் பெண்ணைப் புறநானூறு காட்டுகிறது. பசியே அவர்களை உட்காரவைத்தது. இயந்திர நூல் வந்தபோது அவர்களின் சந்ததியினர் மூச்சுவிட்டிருப்பார்கள். நானும் அதை வரவேற்பவனே. அதனால்தான் சொல்கிறேன்: கட்டாயம் நீங்கிய பின்னரே ஒரு வேலையின் இன்பம் முழுதாகத் தெரியும். உழவன் ஓடிக் களைத்ததும் ஓட்டம்தான். பந்தயக்காரன் ஓடுவதும் ஓட்டம்தான். பசிக்காக நூற்றவளிடமிருந்து சுமையை எடுத்தோம், நன்று. அவள் கையிலிருந்த அறிவையும் சேர்த்து எறிந்துவிட்டோம்; அது நன்றன்று.

அந்த அறிவை நம் முன்னோர் அற்பமாகக் கருதவில்லை. தமிழில் நூல் என்றால் இழையும் அதுவே, புத்தகமும் அதுவே. பவணந்தியார் நன்னூலில் இதற்கு விளக்கமே தருகிறார்: சொல் பஞ்சு, புலவன் நூற்கும் பெண், வாய் அவள் கை, மதி அவளுடைய கதிர். புலவனுக்கு உவமையாக அரசனையோ வீரனையோ அவர் தேடவில்லை; நூற்கும் பெண்ணிடம் சென்றார். அந்த நன்னூலுக்குக் காண்டிகையுரை கண்ட ஆறுமுக நாவலர் நம் நல்லூரவர். உவமையை மனனம் செய்து பரீட்சையில் புள்ளி பெற்ற நம்மில் எத்தனை பேர் கதிரைக் கண்ணால் கண்டிருக்கிறோம்?

நேரமில்லை என்பது இன்னொரு மறுப்பு. தொலைக்காட்சித் தொடருக்கும் கைப்பேசிக்கும் நேரம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு நேரமில்லை என்றால் ஒப்புக்கொள்வேன். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரம் வரை அவர்களின் மாலைப்பொழுதுகளைத் தனியார் கல்வி நிலையங்களுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறோம். கல்விக் கருத்தரங்குகளில் பின்லாந்தை மேற்கோள் காட்டாத பேச்சாளர் இல்லை. அந்தப் பின்லாந்து 1866ஆம் ஆண்டிலேயே கைப்பணியைப் பாடசாலைப் பாடமாக்கியது என்பதையும், இன்றும் அங்கே ஆணும் பெண்ணும் அதைக் கற்கிறார்கள் என்பதையும் எவரும் மேடையில் சொல்லக் கேட்டதில்லை. நமது பிள்ளைகள் புலம்பெயர்ந்த நோர்வேயிலும் அப்படியே. காலுறையை மலிவாக வாங்கக்கூடிய நாடுகள்தாம் அவை. ஆயினும் பின்னுகிறார்கள். வறுமையினாலா?

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையும் மின்சாரமின்மையும் நம்மை அழுத்தியபோது, ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றி, கையால் திரித்த சிறு திரியில்தான் இந்தக் குடாநாடு படித்தது. அந்த வெளிச்சத்தில் படித்தவர்கள் இன்று உலகெங்கும் பெரிய பதவிகளில் இருக்கிறார்கள். திரியைத் திரித்த விரல்களை எவரும் கல்விச் சாதனைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

நான் கேட்பது பெரிதன்று. வாரத்தில் ஒரு பாடவேளை, ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்து. பஞ்சோ, பனையோலையோ, தும்போ, ஊரில் கிடைப்பது எதுவாயினும் சரி. பரீட்சை வேண்டாம், புள்ளி வேண்டாம், மாகாணமட்டப் போட்டியும் பிரதம விருந்தினரும் வேண்டவே வேண்டாம். கற்பிப்பதற்கு விருதுபெற்றவர்களைத் தேடவேண்டியதில்லை. பன்னவேலை தெரிந்த, கயிறு திரிக்கத் தெரிந்த ஆச்சிமார் இன்னும் ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் இருவர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கதிரை போட்டு, ஆசிரியருக்குரிய மரியாதையோடும் கொடுப்பனவோடும் வகுப்பில் அமர்த்துங்கள். அவர்கள் போய்விட்டால் விரல்நுனியின் கல்வியைக் கேட்டுப் பெற ஆளிராது. எந்த நிறுவனமும் அதை இறக்குமதி செய்து தராது.