கூரையிலிருந்து அப்லோட்: மிஞ்சிய கரண்டை யாருக்கு விற்பது?

இன்டர்நெட் கனெக்‌ஷன் வாங்கும்போது டவுன்லோட் வேகம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறோம். அப்லோட் வேகத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கூரையில் சோலார் பேனல் பொருத்தியவர்களுக்கு மின்சாரத்திலும் இந்த இரண்டும் உண்டு. வெளியிலிருந்து வீட்டுக்குள் வருவது டவுன்லோட். பேனலில் உற்பத்தியாகி, வீட்டில் செலவாகாமல் மிஞ்சி, அதே கம்பி வழியாக வெளியே போவது அப்லோட். இங்கிலாந்தில் இந்த அப்லோடுக்குக் காசு கொடுக்கப் பல கம்பெனிகள் இருக்கின்றன. அதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள்.

தமிழ்நாட்டு வீடுகளில் இந்தக் கேள்வியே எழாது. நமக்கு மின்வாரியம் ஒன்றுதான். இங்கிலாந்திலோ செல்போன் கம்பெனியை மாற்றுவது போல மின்சாரக் கம்பெனியை மாற்றலாம். கம்பி அதேதான், பில் அனுப்புகிறவர் மட்டும் மாறுவார்.

வேலை நிமித்தமாக இங்கே வந்த நான் என் சித்தப்பா வீட்டில் தங்கியிருக்கிறேன். போன வருடம் மார்ச் மாதம் அவர் பேனல் போட்டார். பிறகு எங்கோ விளம்பரத்தில் பார்த்த, ஏற்றுமதிக்கு அதிக விலை தரும் கம்பெனியில் விண்ணப்பித்தார். பணம் வரத் தொடங்கியது ஆகஸ்டில்! வெயில் காயும் மாதங்கள் முழுவதும் அவர் கூரை மின்சாரம் இலவசமாகத் தெருவுக்குப் போனது. "என்னடா, உங்க கம்ப்யூட்டர்காரங்க லட்சணம் இதானா?" என்று என்னிடம் கேட்டார். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 2010 ஏப்ரலில் 'ஃபீட் இன் டாரிஃப்' என்ற திட்டம் தொடங்கியது. விலையை அரசே நிர்ணயித்தது. பெரும்பாலான வீடுகளில் ஏற்றுமதியை அளக்க மீட்டர் இல்லாததால், உற்பத்தியில் பாதி வெளியே போனதாக வைத்துக்கொண்டு பணம் கொடுத்தார்கள். 2019 மார்ச் இறுதியோடு புதியவர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. அடுத்த ஒன்பது மாதங்கள், புதிதாகப் பேனல் போட்டவர்களுக்குப் பணம் தர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. 2020 ஜனவரி 1 முதல் 'ஸ்மார்ட் எக்ஸ்போர்ட் கேரன்டி' நடைமுறைக்கு வந்தது. ஒன்றரை லட்சம் வீடுகளுக்கு மேல் மின்சாரம் தரும் ஒவ்வொரு கம்பெனியும் ஏற்றுமதிக்கு ஒரு விலை சொல்லியே ஆக வேண்டும். என்ன விலை? பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் போதும்! யூனிட்டுக்கு அரை பென்னி என்றாலும் சட்டப்படி சரிதான். எனவே கேரன்டி என்ற பெயரைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள்.

விலையில் இவ்வளவு வித்தியாசம் இருப்பதால், அதிகம் தருகிறவரிடம் போய்விடலாமே என்று தோன்றும். என் கருத்து, அது பாதிக் கணக்கு. நீங்கள் விற்கும் கம்பெனியிடம்தான் பெரும்பாலும் வாங்கவும் போகிறீர்கள். உதாரணத்துக்கு இரண்டு கம்பெனிகளை வைத்துக்கொள்வோம். (எண்கள் கணக்குக்காக நான் போட்டவை.) முதல் கம்பெனி உங்கள் யூனிட்டுக்கு 15 பென்னி கொடுக்கிறது, தன் யூனிட்டை 28 பென்னிக்கு விற்கிறது. இரண்டாவது கம்பெனி 6 பென்னிதான் கொடுக்கிறது, ஆனால் 24 பென்னிக்கு விற்கிறது.

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு. வருடத்தில் 3,000 யூனிட் வாங்குகிறார்கள், 1,800 யூனிட் வெளியே அனுப்புகிறார்கள். முதல் கம்பெனியில் நிகரச் செலவு 570 பவுண்டு, இரண்டாவதில் 612. முதல் கம்பெனியே மேல். இப்போது பகலிலும் ஆள் இருக்கும் வீட்டைப் பாருங்கள். வாங்குவது அதே 3,000 யூனிட்தான், ஆனால் மிஞ்சுவது 900 யூனிட். முதல் கம்பெனியில் 705 பவுண்டு, இரண்டாவதில் 666. குறைந்த ஏற்றுமதி விலை தரும் கம்பெனி ஜெயித்துவிட்டது! தினசரி நிலைக் கட்டணத்தை நான் சேர்க்கவில்லை. அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நீங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கம்பெனியிடம் வாங்கி, இன்னொன்றுக்கு விற்கலாமே என்று நீங்கள் கேட்பது புரிகிறது. விதிகள் அதை அனுமதிக்கின்றன. ஆனால் பல கம்பெனிகள் நல்ல விலையைத் தங்களிடம் மின்சாரம் வாங்குபவர்களுக்கு மட்டுமே தருகின்றன. சில, தங்களிடமே பேனலும் வாங்கியிருக்க வேண்டும் என்கின்றன. இந்த நிபந்தனைகளைப் பொடி எழுத்தில்தான் போட்டிருப்பார்கள்.

இங்கேதான் உங்கள் புதுக் கம்ப்யூட்டர் வேலைக்கு வருகிறது. ஸ்மார்ட் மீட்டர் ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் ஓர் எண்ணைப் பதிவு செய்கிறது. ஒரு நாளைக்கு 48, வருடத்துக்கு 17,520. சில கம்பெனிகளின் வெப்சைட்டில் இதை 'சிஎஸ்வி' பைலாக டவுன்லோட் செய்யலாம். டபுள் கிளிக் செய்தால் எக்ஸெலில் திறக்கும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் போட்டுக்கொள்ளலாம். பழைய எக்ஸெல் 2003 கூட 65,536 வரிகளைத் தாங்கும், அதனால் பழைய மெஷின் என்று தயங்க வேண்டாம். வாங்கிய யூனிட் இருக்கும் காலத்தின் கீழே கர்சரை வைத்து ஆட்டோசம் பட்டனைக் கிளிக் செய்யுங்கள். அனுப்பிய யூனிட்டுக்கும் அப்படியே. கிடைத்த இரண்டு எண்களை ஒவ்வொரு கம்பெனியின் விலையாலும் பெருக்கிக் கழித்தால் வேலை முடிந்தது.

நேரத்துக்கு நேரம் விலை மாறும் திட்டமாக இருந்தால் வரி வரியாகப் பெருக்க வேண்டும். ஆக்டோபஸ் எனர்ஜியின் 'அஜைல் அவுட்கோயிங்' அப்படிப்பட்டது. அதில் அரை மணிக்கு ஒரு விலை. பெரும்பாலும் மாலை 4 முதல் 7 மணி வரை விலை ஏறும், பேனல் அதிகம் உற்பத்தி செய்வதோ நடுப்பகலில். பேட்டரி இல்லாதவர்கள் இதில் இறங்குமுன் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு சின்ன எச்சரிக்கை. இங்கிலாந்தில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே இழுப்பார்கள். அந்த நாட்களில் 46 வரியும் 50 வரியும் வரும். சில பைல்களில் கோடைகாலம் முழுவதும் நேரம் ஒரு மணி பின்தங்கியே இருக்கும். இது தெரியாமல் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணடித்தேன்.

எனக்கு உள்ள கோபம் இதுதான். இந்த எண்கள் வீட்டுக்காரருடையவை. ஆனால் ஒரு கம்பெனி பைலாகக் கொடுக்கிறது, இன்னொன்று அழகான கிராஃபை மட்டும் காட்டுகிறது. கிராஃபை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கூட்ட முடியுமா, பெருக்க முடியுமா? எந்தக் கம்பெனியானாலும் ஒரே கிளிக்கில் பைலைக் கொடுக்க வேண்டும். சாஃப்ட்வேர் எழுதுகிறவனாகச் சொல்கிறேன், அது பெரிய வேலையே இல்லை. நான் கம்பெனி தேர்ந்தெடுப்பதாக இருந்தால் விலைக்கு அடுத்து இதைத்தான் பார்ப்பேன்.

சித்தப்பா கதைக்கு வருகிறேன். வீட்டுக்கு வரும் மின்சாரத்துக்கு 13 இலக்க எண் ஒன்று உண்டு. வெளியே போவதற்குத் தனியாக இன்னொரு 13 இலக்க எண் வேண்டும். அந்த இரண்டாவது எண் பதிவாகும் வரை மீட்டர் ஓடினாலும் பணம் இல்லை. அதற்குப் பேனல் பொருத்தியதற்கான எம்சிஎஸ் சான்றிதழும், உள்ளூர் மின்கம்பி நிறுவனத்துக்குத் தகவல் தெரிவித்த கடிதமும் தேவை. பேனல் போட்டவர் கடிதத்தைத் தாமதமாகக் கொடுத்தார். கம்பெனியோ எண்ணைப் பதிவு செய்ய மேலும் பல வாரங்கள் எடுத்துக்கொண்டது. பழைய பாக்கி கிடையாது என்றும் சொல்லிவிட்டது.

அவருடைய பைலை வைத்து இப்போது கணக்குப் போட்டுவிட்டோம். சித்தப்பா வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், மிஞ்சுவது குறைவு. அவருக்கு இரண்டாவது ரகக் கம்பெனிதான் லாபம். அடுத்த மாதம் மாறுகிறார். பேனல் போடப் போகிறவர்கள் அந்தச் சான்றிதழும் கடிதமும் கைக்கு வந்த பிறகே பேனல்காரருக்குக் கடைசித் தவணையைக் கொடுங்கள். வந்ததும் ஸ்கேன் செய்து ஒரு போல்டரில் போட்டு வையுங்கள், கம்பெனி மாறும்போது மறுபடி கேட்பார்கள்.